ஆக்டிங் டிரைவர்

இன்று காலை உன் கணினியைப் போட்டேன், அம்மா. வழக்கம்போல முதலில் வாசனைதான் வந்தது. சூடேறும் தூசியும், நீ மேஜை ஓரத்தில் ஏற்றிவைக்கும் ஊதுவத்தியின் பழைய சாம்பலும் கலந்த வாசனை. விசிறி உறுமி அடங்கியது. நீ வைத்திருந்த மலைப்பாதைப் படம் திரையில் விரிந்தது. ஆனால் வலது பக்கக் கீழ் மூலையில் எப்போதும் வெள்ளை எழுத்தில் நிற்கும் 'டெஸ்ட் மோட்' என்ற இரண்டு சொற்களைக் காணோம். நீ ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவை இருந்தன. நீ போய்ச் சேர்ந்த பிறகும் இருந்தன.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"ஓ, அதுவா? ஸ்கிரீன் மூலையில அசிங்கமா இருந்துச்சு, எடுத்துட்டேன். அப்படியே அப்டேட்டும் போட்டு கிளீன் பண்ணி வெச்சிருக்கேன். சாயந்திரம் ஈ-வேஸ்ட்காரன் வர்றான்ல, குடுக்கறப்ப டீசன்ட்டா இருக்கட்டும்."

குப்பைக்குப் போகிற பொருளைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து அனுப்புகிற பிள்ளையைப் பெற்றிருக்கிறாய். அவன் எதைத் துடைத்தான் என்பது அவனுக்கே தெரியாது. பெரிய கம்பெனியில் பெரிய வேலை. திரையில் இரண்டு சொல் நின்றால் அழுக்கு என்று நினைக்கிற அளவுக்குத்தான் அறிவு.

அந்த லாரி விளையாட்டு உன்னிடம் எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. நீ வேலை பார்த்த பள்ளிக்கூடம் தன் கணினி அறையைக் காலி செய்தபோது ஒரு பெட்டியை வாங்கி ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தாய். ஆபீஸ் அறையில் காலமெல்லாம் மார்க் ஷீட் அடித்தவள், வீட்டில் உட்கார்ந்து பஜனைப் பாட்டு கேட்பாள் என்று நாங்கள் நினைத்தோம். நீயோ ஊர் பேர் தெரியாத வெளிநாட்டுச் சாலையில் சிமெண்ட் மூட்டையும் பால் டேங்கரும் ஓட்டிக்கொண்டிருந்தாய். பெங்களூரில் தொம்மலூரின் அந்தக் குறுக்குத் தெருவில், எதிரே கண்ணாடிக் கட்டடங்கள் மத்தியான வெயிலை நம் வீட்டுக்குள் திருப்பி அடிக்க, நீ மட்டும் எங்கோ பனி பெய்கிற ஊரில் ஹாரன் அடித்துக்கொண்டு போவாய்.

பிறகு ஒருநாள் விளையாட்டுக்குப் புதுப் பதிப்பு வந்தது. உன் லாரி நகரவில்லை. நகர்ந்தாலும் விட்டு விட்டு நகர்ந்தது. "சாவு ஊர்வலமாட்டம் போகுதுடி" என்றாய். பெட்டிக்குள் படம் காட்டுகிற சில்லு இருக்கிறது, அதை ஓட்டுகிற மென்பொருளுக்கு டிரைவர் என்று பேர், அந்த டிரைவரைக் கம்பெனிதான் புதுப்பித்துத் தர வேண்டும், உன் சில்லு பழையது என்பதால் அவர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று நான் விளக்கினேன். கம்பெனியின் பக்கத்தைத் திறந்தும் காட்டினேன். உங்கள் சாதனத்துக்கு ஆதரவு நிறுத்தப்பட்டது என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

"நிறுத்தறதுக்கு இவங்க என்ன, எனக்கு முதியோர் பென்ஷனா குடுத்துக்கினு இருந்தாங்க?"

புது லேப்டாப் வாங்கித் தருகிறேன் என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. அழுகின தக்காளியைத் தள்ளிவைக்கிறபோது மார்க்கெட்டில் பார்ப்பாயே, அந்தப் பார்வை.

"மாடு நல்லா இருக்கு. ஓட்டறவன் சோம்பேறி. அதுக்கு யாராச்சும் மாட்ட மாத்துவாங்களா? நீயெல்லாம் இன்ஜினியரு."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் எங்கள் ஆபீசில் ஓடிக்கொண்டிருக்கிற நல்ல லேப்டாப்புகளை வயதாகிவிட்டது என்று பிடுங்கி ஒரு அறையில் அடுக்கிவைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் அந்த அறையைத் தாண்டித்தான் காபி எடுக்கப் போகிறேன். ஒருநாளும் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. மாட்டைப் பற்றி நீ சொன்ன பிறகுதான் அங்கே நடக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. விற்றவனே ஒரு பொருளைக் கிழடு என்று அறிவிப்பான், அதை வாங்கினவன் தலையாட்டிக்கொண்டு அடுத்ததை வாங்குவான். இந்த மானங்கெட்ட வியாபாரத்துக்கு நாங்கள் வைத்திருக்கிற பேர் முன்னேற்றம்.

நீ தலையாட்டவில்லை. எங்கெங்கோ தேடி, யாரோ முகம் தெரியாத ஒருவன் கம்பெனியின் டிரைவரைப் பிரித்துத் திருத்தி எழுதி இலவசமாகப் போட்டிருந்ததைக் கண்டுபிடித்தாய். பழைய சில்லுக்குப் பாரமான வேலைகளை அதிலிருந்து வெட்டிவிட்டு, வேகத்தை மட்டும் வைத்திருந்தான். அதற்கு நீயே பேர் வைத்தாய்.

"சொந்த டிரைவர் லீவு போட்டுட்டா ஆக்டிங் டிரைவரைக் கூப்ட்டு வண்டிய எடுக்கறதில்லையா? இவன் ஆக்டிங் டிரைவரு."

அண்ணன் பதறினான். அதில் வைரஸ் இருக்கும், பேங்க் கணக்கு போய்விடும் என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நீ அந்தப் பெட்டியில் பேங்க் வேலை எதையும் வைத்துக்கொள்ளவில்லை. "திருடன் வந்தா ஒரு லாரி இருக்கும், எடுத்துக்கினு போகட்டும். டீசல் அவன் போட்டுக்கட்டும்" என்றாய். கணினி தன் காவலைத் தளர்த்திக்கொண்டால்தான் இந்த மாதிரி டிரைவரை உள்ளே விடும். தளர்த்தினதற்கு அடையாளமாகத்தான் மூலையில் 'டெஸ்ட் மோட்' என்று எழுதிக் காட்டும். அதையும் செய்தாய். சிவப்பாக ஒரு பெட்டி வந்தது. இதை வெளியிட்டவர் யார் என்று சரிபார்க்க முடியவில்லை, இருந்தாலும் நிறுவவா என்று கேட்டது.

"உங்கப்பாவை எனக்குக் கட்டி வெச்சப்ப மட்டும் எவன் சரிபார்த்தான்?" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினாய்.

டிரைவரைத் திருத்தி எழுதின அந்தப் புண்ணியவான் ஒன்றும் பெரிய கொம்பன் இல்லை. முதலில் திரை நீலமாகிச் செத்தது. மறுபடி போட்டாய், மறுபடியும் செத்தது. கடைசியில் ஓடினபோது லாரி சும்மா பறந்தது. ஆனால் மரங்களில் இலை இல்லை. வானம் கத்திரிப்பூ ஊதா. பகலிலும் ஊதா, மழையிலும் ஊதா. நான் சிரித்தேன். "சும்னே இருடி. வானத்து மேலயா ஓட்டப்போறேன்? ரோடு தெரியுதில்ல" என்றாய். அன்றிலிருந்து ஊதா வானத்தின் கீழேதான் ஓட்டினாய். ஆளே இல்லாத சாலையில்கூடத் திரும்பும்போது இண்டிகேட்டர் போடுவாய். "இண்டிகேட்டர் எதிர்ல வர்றவனுக்கு இல்லடி. நாம எங்க போறோம்னு நமக்குத் தெரியறதுக்கு."

அப்பா லாரி டிரைவர். சேலம் பக்கம், ஈரோடு பக்கம் என்று காலம் முழுக்க ஓட்டினார். உன் அம்மா வீடு சேலத்தில். ஒரே ஒருமுறை, என்னைச் சுமந்துகொண்டிருந்தபோது, அவர் போகிற லோடிலேயே உன்னையும் ஏற்றிக்கொண்டு போகச் சொன்னாயாம். "லாரியில பொம்பள ஏறினா லோடு போய்ச் சேராது" என்று சொல்லிவிட்டாராம். நீ பஸ்ஸில் போனாய், நின்றுகொண்டு. இதை அழுதுகொண்டு சொல்லியிருந்தால் நான் மறந்திருப்பேன். நீ இளக்காரமாகச் சிரித்துக்கொண்டு சொன்னாய். சாகிறவரை அந்த மனுஷனுக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டாய், மருந்து கொடுத்தாய். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மன்னிக்கவில்லை. எனக்கும் அவரை மன்னிக்கிற உத்தேசம் இல்லை.

ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு மாஸ்க் போட்டிருந்தார்கள். அதை விலக்கிக்கொண்டு, ஏதோ முக்கியமாகச் சொல்லப் போகிறாய் என்று நான் குனிந்தபோது, நீ சொன்னது இதுதான்: "லோடு பாதியில நிக்குதுடி. போய்ச் சேரலைன்னா உங்கப்பன் சொன்னது நெசமாயிடும்." கண்ணில் அதே சிரிப்பு. நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு நீ பேசவில்லை.

காரியத்தன்று சித்தி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம், கடைசி காலத்துல சாமி பேரைச் சொல்லாம கேம் ஆடிக்கினு இருந்தா" என்றாள். அவள் வீட்டில் காலை முதல் ராத்திரி வரை டிவி சீரியலில் மாமியாரும் மருமகளும் விஷம் வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு மோட்சம் நிச்சயம் போலிருக்கிறது. நான் அவள் இலையில் இன்னொரு வடையை வைத்தேன்.

இன்று அண்ணன் விடவில்லை. வீடியோவில் கூப்பிட்டான். உன் விளையாட்டைப் போன வாரமே அவன் லேப்டாப்புக்கு மாற்றி வைத்திருக்கிறான். "பாரு, அம்மா எதையெல்லாம் பார்க்காம போயிட்டாங்க பாரு" என்று திருப்பிக் காட்டினான். அந்த விளையாட்டில் ஒரு நியாயம் உண்டு. நீ ஓட்டாதவரை அங்கே நேரம் நகராது. நீ நிறுத்தின இடத்திலேயே, சாலை ஓரத்தில், இண்டிகேட்டர் மினுக்கிக்கொண்டு உன் லாரி நின்றது. மேலே நல்ல நீல வானம், வெள்ளை மேகம். மரமெல்லாம் இலை. ஈரச் சாலையில் மேகத்தின் நிழல்கூடத் தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது. அழகாக இருந்ததனாலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மா லோடு பாதியில இருக்குன்னு சொன்னாங்கன்னு சொன்னியே. ரெண்டு நிமிஷம், நானே டெலிவரி பண்ணிடறேன்" என்றான்.

"தொட்டே, கொன்னுடுவேன்" என்றேன்.

அவன் முகம் சுருங்கிப்போனது. அவன் கெட்டவன் இல்லை, அம்மா. எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவன். ஆனால் அந்த நீல வானத்தின் கீழே நீ ஒரு அடிகூட ஓட்டினதில்லை. அங்கே போய்ச் சேர்கிற லோடு உன்னுடையது இல்லை.

அண்ணன் துடைத்ததில் உன் டிரைவரும் கழன்றுபோயிருந்தது; ஆனால் உன் பெட்டியிலேயே 'ஆக்டிங்' என்று பேர் வைத்த ஒரு கோப்புறையில் அதன் நகல் இருந்தது. காவலைத் தளர்த்தினேன். ஆபீசில் இந்த மாதிரி ஒரு காரியத்தைச் செய்தால் வேலை போய்விடும். சிவப்புப் பெட்டி வந்தது, வெளியிட்டவர் யாரென்று தெரியவில்லை என்றது. தெரிந்தவர்கள் எழுதினதன் யோக்கியதையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேனே என்று அழுத்தினேன். திரை நீலமாகிச் செத்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் செத்தது. உன் பொறுமை எனக்கு வராது, இருந்தாலும் போட்டேன். மத்தியானம் தாண்டினபோது வலது மூலையில் அந்த இரண்டு சொற்களும் திரும்பி வந்து நின்றன. நாற்காலியில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

விளையாட்டைத் திறந்தேன். மொட்டை மரங்கள். ஊதா வானம். உன் லாரி. தேய்ந்து எழுத்தே தெரியாத உன் விசைகளில் விரல் வைத்து வண்டியை மெல்ல எடுத்தேன். பெங்களூரில் கார் ஓட்டி, முட்டி மோதி, திட்டி, திட்டு வாங்கி நான் கற்ற வித்தையெல்லாம் அங்கே உதவவில்லை. முதல் வளைவிலேயே தடுப்பில் உரசினேன். உன் லாரியில் அதற்கு முன்னால் ஒரு கீறல் இல்லை. மன்னித்துக்கொள் என்று கேட்கமாட்டேன், நீ என்ன சொல்வாய் என்று தெரியும். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. நான் இண்டிகேட்டர் போட்டுக்கொண்டே போனேன், நேரான சாலையிலும்கூட. ஒரு மலையைச் சுற்றி இறங்கினதும் கிடங்கு தெரிந்தது. பின்னோக்கி எடுத்து நிறுத்தத் தெரியாமல் அங்கேயே வெகுநேரம் திணறினேன். கடைசியில் கோணலாக நின்றது. லோடு வந்து சேர்ந்தது என்று திரை சொன்னது.

"வந்து சேந்துச்சுய்யா" என்று சந்தனமாலைக்குள்ளே இருந்த அப்பாவின் போட்டோவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

விளையாட்டு அடுத்த லோடைக் காட்டியது. மூடிவிட்டு எழுந்திருக்கலாம், சொன்ன சொல்லைக் காப்பாற்றியாகிவிட்டது. ஆனால் காலி வண்டி ஓட்டுகிறவன் டிரைவரே இல்லை என்று சொல்வாயே. ஏற்றிக்கொண்டேன். ஏதோ மரக்கட்டை, தூரத்து ஊர். மலைப்பாதையில் பாதி தூரம் போயிருப்பேன், வாசலில் மணி அடித்தது. ஈ-வேஸ்ட்காரர் சாக்குப் பையோடு நின்றார். ஓரமாக நிறுத்திவிட்டுப் போய், கெட்டுப்போன மிக்சியையும் அண்ணனின் பழைய மூன்று செல்போன்களையும் எடுத்துக் கொடுத்தேன்.

"மேடம், கம்ப்யூட்டர் இருக்குன்னு சார் சொன்னாரே" என்றார்.

"இல்ல, அது ஓடிக்கினு இருக்கு" என்றேன்.

அவர் படி இறங்குவதற்குள் அண்ணன் போனில் வந்துவிட்டான்.

"ஏய், ஏன் குடுக்கல?"

"லோடு பாதியில நிக்குது."

"அதான் அம்மாவோட லோடு முடிஞ்சிருக்குமே. இப்ப யாரு ஓட்டறது?"

"ஆக்டிங் டிரைவர்" என்றேன்.