இரண்டாவது வரியை நானே எழுதினேன், மும்தாஜ்

என் செல்லக்குட்டி மும்தாஜுக்கு,

இன்றைக்குக் கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வந்தேன். குர்லாவில் ஒரு பள்ளிக்கூடத்தில்தான் பரீட்சை. பக்கத்து பெஞ்சில் உன் நம்பர் ஒட்டியிருந்தது. நாம் சேர்ந்துதானே பணம் கட்டினோம்? மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது அந்த நம்பருக்குத் தெரியாதே.

மேற்பார்வை டீச்சர், "யே நஹி ஆயி க்யா?" என்று, இவள் வரவில்லையா என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். சிவப்பு மையில் ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

இந்தப் பத்தாவது எனக்கு எதற்கு என்று உனக்குத் தெரியும். இட்லிப் பாத்திரத்தைத் தலையில் சுமந்து தாராவியிலிருந்து மாட்டுங்கா வரைக்கும் நடக்க, கழுத்து இனி விடாது. பத்து பாஸ் என்றால் பால்வாடியில் வேலை. மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டேன். கணக்குதான் போன தடவை காலை வாரிவிட்டது.

கடைசிப் பக்கத்தில் நம்முடைய காசுக் கணக்கு வந்திருந்தது. உண்டியலில் இரண்டு ரூபாய்க் காசும் ஐந்து ரூபாய்க் காசுமாக எண்ணிக்கையில் இருபத்தைந்து. மொத்தம் எண்பது ரூபாய். எது எத்தனை?

நீ பட்டறையில் பை தைத்துவிட்டு வந்ததும் உட்கார்ந்து போடுவோமே, அதே மாதிரி. எண்ணிக்கைக்கு ஒரு வரி, பணத்துக்கு ஒரு வரி. முதல் வரி என்னுடையது, இரண்டாவது உன்னுடையது. x + y = 25 என்று எழுதிவிட்டு, பழக்கத்தில் உன் பக்கம் திரும்பினேன். காலி பெஞ்ச்.

பிறகு நானே எழுதினேன்: 2x + 5y = 84. போட்டுப் பார்த்தால் ஐந்து ரூபாய்க் காசு பதினொன்றும், இன்னொரு காசில் மூன்றில் ஒரு பங்கும் வருகிறது. காசை யாராவது வெட்டுவார்களா? மறுபடி போட்டேன். அதேதான். "பாஞ்ச் மினிட்" என்றார் டீச்சர், ஐந்தே நிமிடம்தான் பாக்கி.

அப்போதுதான் உன் சிரிப்பு ஞாபகம் வந்தது. "யக்கா, திரும்பவும் கமிஷன் சேத்துட்டியா? பரீட்சையில சேட்டு கடை கெடையாதுக்கா!"

"ஏட்டி, சில்லறைன்னா கமிஷன் உண்டும்லா" என்று உன்னோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்! இட்லி விற்ற சில்லறையை நூறு ரூபாய்க்குக் கொடுத்தால், சில்லறைத் தட்டுப்பாட்டில் கடைக்காரச் சேட்டு நோட்டாக நூற்றைந்து தருவாரே, அந்தக் கைப்பழக்கம். எண்பதுக்கு நாலைச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

அடித்துவிட்டு 80 என்று எழுதினேன். முழுசாக வந்தது. y = 10 எழுதியாயிற்று. x = 15 எழுதும்போது மணி அடித்தது, டீச்சர் தாளை இழுத்தார். அந்த ஐந்தை எழுதினேனா, வெறும் கோடுதான் விழுந்ததா? தெரியவில்லையே, மும்தாஜ். அந்த ஒரு கணக்கில்தான் என் பாஸ் தொங்குகிறது.

முடிவு வரட்டும். நீ அடங்கியிருக்கிற கபர்ஸ்தானுக்குள் பொம்பளை என்று என்னை விடமாட்டார்கள். கேட்டில் நின்று உனக்குக் கேட்கிற மாதிரி கத்திச் சொல்லுவேன். ஃபெயில் என்றாலும் வந்து சொல்லுவேன். சொல்லிவிட்டு அடுத்த பரீட்சைக்குப் பணம் கட்டுவேன். இரண்டு வரியையும் நானே எழுதுவேன், கமிஷன் இல்லாமல்.

உன் கூடப்பிறக்காத அக்கா,
லட்சுமி