வீட்டுக்கு வரலாமா?

ராணுவப் பயிற்சி முகாம், ஜார்ஜியா
7 ஜூன் 2009

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். தலையை மொட்டையடித்துவிட்டார்கள், தங்கச்சி பார்த்தால் சிரித்தே சாவாள். இங்கே மூன்று வேளையும் சூடான சாப்பாடு, அம்மா. மற்ற பையன்கள் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். நான் தட்டை வழிப்பதைப் பார்த்து சார்ஜன்ட், "ஏண்டா, உங்க வீட்ல அடுப்பே எரியாதா?" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

பல் டாக்டர் என் வாயைப் பார்த்துவிட்டு, "இதுக்கு முன்னாடி யார்கிட்ட காட்டினே?" என்றார். யாரிடமும் இல்லை என்றேன். நான்கைப் பிடுங்கி, மற்றதை அடைத்துவிட்டார். காசு கேட்கவே இல்லை. இப்போது இடது பக்கமும் மெல்ல முடிகிறது.

உன்னிடம் சொல்லாமல் ராணுவத்தில் சேரக் கையெழுத்துப் போட்டதற்கு இன்னும் கோபமா? ஒரு வரியாவது எழுது.

உன் மகன்,
கோல்பி

*

கால்டர் கிரீக், மேற்கு வர்ஜீனியா
20 ஜூன் 2009

என் கண்ணு கோல்பிக்கு,

கோபம்தான். முதியோர் இல்லத்தில் யாரோ ஒரு கிழவருக்கு நான் துணி மாற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் போய்க் கையெழுத்துப் போட்டாயே! உன் மாமா சண்டையிலிருந்து எந்தக் கோலத்தில் திரும்பி வந்தான் என்று நீ பார்க்கவில்லையா?

நாங்கள் நலம். கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடியதும் டெஸ்ஸாவுக்கு அங்கே கிடைத்த மதியச் சாப்பாடும் நின்றுவிட்டது. வெயில் ஏறும்வரை படுத்தே கிடக்கிறாள். கேட்டால், "தூங்கினா பசி தெரியாதும்மா" என்கிறாள். சர்ச்சில் இலவசமாகத் தருகிற சாப்பாட்டுப் பெட்டியில் இந்த முறையும் பீன்ஸ்தான். குழாயில் தண்ணீர் செம்மண்ணாக வருகிறது. மலை ஊற்றில் பிடித்துவந்து சமாளிக்கிறோம். டிவியில் ஒருத்தர் உலகத்திலேயே பணக்கார நாடு நம்முடையது என்றார். "அது எந்தப் பக்கம்மா இருக்கு?" என்றாள் உன் தங்கை.

பிடிக்காவிட்டால் வந்துவிடு, ராஜா. இருப்பதைப் பகிர்ந்துகொள்வோம்.

உன் அம்மா,
வெர்னா

*

ஜார்ஜியா
19 ஜூலை 2009

அம்மாவுக்கு,

மூட்டையைச் சுமந்து ஓடியதில் குதிகால் எலும்பில் கீறல் விழுந்துவிட்டது. பயப்படாதே, கட்டுப் போட்டிருக்கிறார்கள். டாக்டர் சொன்னார்: "வீட்டுக்குப் போறதுன்னா போ தம்பி, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. இல்லன்னா ஆறினப்புறம் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

உன்னிடம் மறைப்பானேன். எங்களுக்கு முன் பயிற்சி முடித்தவர்களை ஆப்கானிஸ்தானுக்கு அனுப்புகிறார்களாம். அதைக் கேட்டதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. நீ சொன்னதுதான் சரி.

வீட்டுக்கு வரலாமா அம்மா? ஒரு வார்த்தை எழுது, பஸ் ஏறிவிடுகிறேன்.

கோல்பி

*

ரோண்டா சித்தி வீடு
2 ஆகஸ்ட் 2009

கோல்பி,

மேலே இருக்கிற விலாசத்தைப் பார். சக்கரம் வைத்த நம் ட்ரெய்லர் வீடு நின்ற வாடகை நிலத்தை விற்றுவிட்டார்கள். எங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். துருப்பிடித்த வீட்டை இழுத்துக்கொண்டு எங்கே போவது? அங்கேயே விட்டுவிட்டோம். இப்போது சித்தி வீட்டுக் கூடத்தில் படுக்கிறோம். "எத்தனை நாளைக்கு?" என்று சித்தப்பா என்னிடம் கேட்கவில்லை, டெஸ்ஸாவிடம் கேட்டார். இல்லத்திலும் என் வேலை நேரத்தைப் பாதியாக்கிவிட்டார்கள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு டெஸ்ஸா, "அண்ணனை வரச் சொல்லும்மா, எனக்கு வர்ற சாப்பாட்டுல பாதி குடுக்கறேன்" என்று அழுதாள். அவளை அடித்துவிட்டேன். அதுவரை ஒரு நாளும் அவள் மேல் நான் கை நீட்டியதில்லை.

இங்கே வந்தால் உன் காலை யார் பார்ப்பார்கள்? அதனால் வராதே, ராஜா. எலும்பு கூடட்டும். முதலிலிருந்து ஆரம்பி. பயம் இருந்தாலும் வயிறு நிறையச் சாப்பிடு.

வந்துவிடு என்று எழுதியவளும் நான்தான். வராதே என்று எழுதுகிறவளும் நான்தான். நாளைக்கு உன்னை எங்கே அனுப்பினாலும், நீயாகப் போனதாக நினைக்காதே. அம்மா அனுப்பினாள் என்றே நினைத்துக்கொள்.

வெர்னா