ஒரு கால் குறைகிறது

மார்ச் 3, திங்கள்

கறிக்கூடத்தில் குடல் கழுவும் தொட்டியில் இன்றும் எட்டு மணி நேரம். மூன்று முறை சோப்புப் போட்டும் நாற்றம் போகவில்லை. மகள் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். சனிக்கிழமைத் தேர்வில் தேறினால் மேற்பார்வையாளர் வேலை, வெள்ளைக் கோட்டு. தேறியே ஆக வேண்டும்.

பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டே கணக்குச் சொல்லித் தந்தாள். "கோழி x, ஆடு y. தலையெல்லாம் கூட்டினா ஒரு சமன்பாடு, காலெல்லாம் கூட்டினா இன்னொண்ணு. அவ்வளவுதாம்மா. மூஞ்சிய ஏன் அப்படி வச்சுக்கிற?"

மார்ச் 4, செவ்வாய்

சீ! ஒரு ஆட்டின் பின்னங்கால் அழுகிப் புழு நெளிந்தது. எங்கள் கறி போவது ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு. மேலாளர் வந்து பார்த்தான். "காலை மட்டும் வெட்டி எறிஞ்சிடு. மிச்சம் நல்லாத்தானே இருக்கு?"

வெட்டினேன். இந்தக் கையால்தான். மனுஷனா அவன்?

மார்ச் 8, சனி

தேர்வு. தலை 30, கால் 85. கோழி எத்தனை, ஆடு எத்தனை?

x + y = 30. 2x + 4y = 85. போட்டால் ஆடு பன்னிரண்டரை! திரும்பப் போட்டேன் — அதே அரை. சரி, ஆடு 13, கோழி 17 என்றால்? கால் 86. ஒரு கால் குறைகிறது.

அப்போதுதான் உறைத்தது. கேள்வி எழுதியவன் மேலாளர். தலையும் காலும் தனித்தனியாக விற்பதால் தினமும் எண்ணித் தாளில் எழுதுவோம். சோம்பேறி, செவ்வாய்க்கிழமைத் தாளைப் பார்த்து அப்படியே கேள்வியாக்கியிருக்கிறான்!

எழுதிவிட்டேன்: 'ஆடு 13. ஒரு கால் அழுகியது, வெட்டி எறிந்தோம். மீதி ஆஸ்பத்திரிக்குப் போனது.'

வெளியே வந்ததும், கூடவே தேர்வெழுதிய ஆடு வெட்டும் கத்திக்காரர் சிரித்தார். "அரை ஆடா? அதுதான் தினம் கொக்கியில தொங்குதே! நான் பதிமூணுன்னு போட்டுட்டு வந்துட்டேன்."

மார்ச் 10

மேலாளர் கூப்பிட்டான். என் விடைத்தாள் மேசைமேல், பக்கத்தில் ஒரு ரப்பர்.

"எல்லாரும் பதிமூணோட நிறுத்திட்டாங்க. நீ மட்டும் ஏம்மா கதை எழுதுற? பென்சில்தானே, அழிச்சிடு. கோட்டு உனக்குத்தான்."

அழித்தேன். தூ.

மார்ச் 24, திங்கள்

வெள்ளைக் கோட்டு, இரண்டு வாரமாக. கையில் நாற்றமில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள், தோளில்கூடச் சாய்ந்துகொண்டாள்.

இன்று இன்னொரு ஆடு. வீங்கிப்போன முன்னங்கால். தொட்டியில் இருந்த புதுப் பெண்ணிடம் நான்தான் வெட்டச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

தலை 26. கால் 71.

72 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.