மறைந்த கீறல்

வெள்ளிக்கிழமை இரவு.

இன்று காலையில் மகன் டெனிஸ் தன் பிக்கப் வண்டியை வாசலில் நிறுத்தினான். முன்சில்லின் டயருக்கு மேலுள்ள கறுப்புப் பிளாஸ்டிக்கில் நீளமான கீறல்.

"களனியில ராத்திரி மதில்ல உரசிட்டுது, பப்பா. அம்மாட்டச் சொல்லாதீங்க."

நான்தான் துணியால் துடைத்து, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைப் பிடித்தேன். பிளாஸ்டிக் இளகிக் கீறல் மறைந்தது.

"பேப்பர் வேலைய விட்டுட்டு கராஜ் போடுங்க," என்று சிரித்தான்.

மாலையில் பத்திரிகை அலுவலகத்தில் பொலிஸ் செய்தி என் மேசைக்கு வந்தது. நேற்றிரவு களனியில் சிவப்புச் சைக்கிளில் போனவரை மோதிய வாகனம் நிற்கவில்லை. அவர் இறந்துவிட்டார். செய்தியைத் திருத்தி அச்சுக்கு அனுப்பினேன். மதிலில் உரசியிருந்தால் சுண்ணாம்பு இருந்திருக்கும். நான் துடைத்த துணியில் சிவப்புப் பெயின்ட்தான் இருந்தது.

வீட்டில் டெனிஸிடம் கேட்டேன். "மதில் எண்டு சொன்னன்தானே," என்றான், என்னைப் பார்க்காமல்.

முப்பது வருடம் எல்லோரிடமும் அடுத்த கேள்வி கேட்டவன் நான். எந்தத் தெருவில், எந்த ஒழுங்கையில் அந்த மதில் என்று கேட்க வாய் வரவில்லை. சாப்பிட்டாயா என்றுதான் கேட்டேன்.