காக்கிக்கு மேல் ஒரு சால்வை

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தர் கிருபையால் கொல்லிமலை ஸ்டேஷனில் நலமாக இருக்கிறேன். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா? இதைப் போனில் சொன்னால் என் ஏக்கத்தைக் குரலே காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் கடிதம்.

நேற்று காரவள்ளி மலைப்பாதை வளைவில், மனம் கலங்கிய ஒரு பெண் பஸ்களை மறித்து நடுரோட்டில் உட்கார்ந்திருந்தாள். என் காக்கியைக் கண்டதும் அலறியபடி பள்ளத்துப் பக்கம் நகர்ந்தாள்.

"புடிச்சுக் கட்டுங்க!" என்று கூட்டம் கத்தியது. ஏட்டையா அவர்களை விலக்கினார். நான் தொப்பியைக் கழற்றிவிட்டு, குளிருக்காக ஜீப்பில் வைத்திருந்த உங்கள் சால்வையால் உடுப்பை மூடிக்கொண்டு, தள்ளியே உட்கார்ந்தேன்.

வெகுநேரம் கழித்து அவளே கேட்டாள். "குளுருதா கண்ணு?"

"ஆமாங்க, ரொம்பக் குளுருது."

பொய் இல்லை அம்மா, மலைக்காற்று சால்வைக்குள்ளும் புகுந்துகொண்டுதான் இருந்தது. எழுந்து வந்து என்னை ஒட்டி உட்கார்ந்தாள். பாதிச் சால்வையை அவளுக்குப் போர்த்தினேன். அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதைப் போர்த்தியபடியே தூங்கிவிட்டாள், நான் திரும்ப வாங்கவில்லை.

எனக்கு வேறொன்று அனுப்புங்கள். கடையில் வாங்க வேண்டாம், தினமும் நீங்கள் போர்த்துவதுதான் வேண்டும். துவைத்துவிடாதீர்கள்.

ஜீப் ஹாரன் கூப்பிடுகிறது.

உங்கள் பியூலா