முன்சீட்டில் இப்போது நான்

என் கல்பனாவுக்கு,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பொறுமை இல்லாமல் நேராகக் கடைசி வரிக்குத் தாவிவிடுவாய். நான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டேன். சிரித்து முடித்தாயா? இன்னும் இருக்கிறது. பிரான்ஸுக்கும் போய்விட்டு வந்துவிட்டேன். நீ போட்டு வைத்த அதே வழி: பர்கண்டியின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே தொடங்கி, கால்வாய்க் கரையோடே போய், அது ஆற்றில் சேரும் இடம் வரைக்கும். முன்சீட்டில் நான். பின்சீட்டில் நம் அனு.

இதை நம் சான் ஹோசே நண்பர்களும் படிக்கப்போகிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு நீ 'சைக்கிள் கல்பனா'. மீதிப் பேருக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

சின்ன வயதில் ஒருமுறை விழுந்து முன்பல் உடைந்ததோடு சைக்கிளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. உனக்கோ சைக்கிள் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ தனியாகக் கிளம்புவாய், நான் காபி டம்ளரோடு வாசலில் நின்று கையாட்டுவேன். இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் காரின் மேல் நீளமாக எதையோ கட்டிக்கொண்டு வந்து இறங்கினாய். டேண்டம். ஒரே சைக்கிளில் முன்னும் பின்னுமாக இரண்டு சீட், இரண்டு ஜோடி பெடல்.

"பின்னாடி உக்கார்றவனுக்கு பேலன்ஸ் தெரிய வேண்டாம்ப்பா. திருப்ப வேண்டாம், பிரேக் பிடிக்க வேண்டாம். மிதிச்சா போதும். ஏறு" என்றாய்.

ஏறினேன். அப்புறம் வருடக்கணக்கில் இறங்கவே இல்லை. லாஸ் கேட்டோஸ் ஓடையோரப் பாதையில் நம்மைப் பார்க்கிற தமிழர்கள் எல்லாரும் ஒரே ஜோக்கைத்தான் சொன்னார்கள். "என்ன சிவா, மேடம் டிரைவர், நீங்க கண்டக்டரா?" நானும் விடாமல் "டிக்கெட் டிக்கெட்" என்று கத்துவேன். உனக்கு மானம் போகும்.

டேண்டமில் பின்னால் இருப்பவருக்குச் சாலை தெரியாது. தெரிவது ஒரு முதுகு. அதனால் முன்னால் இருப்பவர் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். "மேடு." "பள்ளம்." "லெஃப்ட்ல திரும்பறேன்." நீ சொல்லிக்கொண்டே போவாய். முதல் நாளே ஒரு சட்டமும் போட்டாய். "நிக்கும்போது நீ காலக் கீழ வைக்காத. ரெண்டு பேரும் வச்சா வண்டி ஆடும். பெடல்லயே வச்சுக்கோ. கால் ஊணுறது என் வேலை." அந்தச் சட்டத்தை நான் ஒரு நாளும் மீறியதில்லை.

அனு படிப்பை முடித்ததும் பர்கண்டி என்று பேசி வைத்திருந்தோம். அவள் முடித்தாள். அவள் பட்டம் வாங்கியபோது நீ ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து வீடியோவில் பார்த்தாய். அப்புறம் சீக்கிரமே எல்லாம் முடிந்துபோனது. எனக்கு உன் மேல் கோபம் கோபமாக வந்தது, கல்பனா. யாரிடம் போய்ச் சொல்வது அதை?

காரேஜில் அந்தச் சைக்கிள் நின்றுகொண்டே இருந்தது. நம் ரமேஷ் வந்தான். "வித்துடு சிவா. பாக்கப் பாக்கக் கஷ்டமாத்தானே இருக்கும்" என்றான்.

"விக்கல. நான் ஓட்டப்போறேன்."

"நீயா?" என்றான். காய்ச்சலில் பிதற்றுகிறவனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனான். சென்னையிலிருந்து என் அக்கா போனில், "வருஷம் திரும்பறதுக்குள்ள பிரயாணம்லாம் வேண்டாம்டா" என்றாள். அவள் பேச்சை மறுக்காமல் கேட்டேன். எப்படியும் பெடலில் கால் வைத்துப் பழகவே எனக்கு அவ்வளவு காலம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

பெரியவர்களுக்குச் சைக்கிள் சொல்லித்தருகிற வகுப்பு ஒன்று சனிக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூட பார்க்கிங் லாட்டில் நடந்தது. முதல் நாள் பெடலையே கழற்றி எடுத்துவிட்டார்கள். சீட்டைத் தாழ்த்தி, தரையை உதைத்து உதைத்துப் போகச் சொன்னார்கள். தலை நரைத்த நான் குழந்தை மாதிரி தத்தித் தத்திப் போனேன். சில வாரம் கழித்துப் பெடலை மாட்டினார்கள். விழுந்தேன், எழுந்தேன், ஐஸ் வைத்தேன், அடுத்த சனிக்கிழமையும் போனேன். ஒற்றைச் சைக்கிள் ஒருவழியாக வசப்பட்டது. பிறகுதான் அனுவிடம் போனேன்.

"அப்பா, ஆர் யூ சீரியஸ்?" என்றாள்.

"ஒரே ஒரு ரவுண்டு. நீ சும்மா மிதிச்சா போதும். நிக்கும்போது மட்டும் காலக் கீழ வச்சுடாத" என்று உன் சட்டத்தை அவளுக்கு ஒப்பித்தேன்.

தெரு முனை வரை அருமையாகப் போனோம். அங்கே ஸ்டாப் சைன். பிரேக் பிடித்தேன். வண்டி நின்றது. அனு நான் சொன்னபடியே காலைப் பெடலிலேயே வைத்திருந்தாள். நானும் வைத்திருந்தேன். இத்தனை வருடப் பழக்கம், விடுமா? யாரோ காலை ஊன்றப்போகிறார்கள் என்று இரண்டு பேரும் நிம்மதியாகக் காத்திருந்தோம். வண்டி மெதுவாக, மிக மெதுவாக, பக்கவாட்டில் சாய்ந்து எங்கள் இருவரையும் தார்ச்சாலையில் கிடத்தியது.

அவளுக்கு முழங்கை கிழிந்துவிட்டது. "ஐ லாஸ்ட் அம்மா. நீங்களும் ஏதாவது பண்ணிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தே போனாள். பிரான்ஸுக்கு நான் வரவே மாட்டேன், நீங்களும் போகக் கூடாது என்று அன்றைக்கே முடிவாகச் சொல்லிவிட்டாள்.

விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் காலுக்குத்தான் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. பின்னால் ஒரு பாரம் வேண்டும், அதற்கு வலிக்கவும் கூடாது. சோனா மசூரி அரிசி மூட்டை இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாகப் பின்சீட்டில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். மேல் மூட்டைக்கு உன் நீல ஹெல்மெட்டை மாட்டினேன். ஏன் என்று கேட்காதே. வெறும் மூட்டையோடு கிளம்ப மனசு வரவில்லை.

தினமும் சாயங்காலம் தெருவைச் சுற்றினேன். "மேடு" என்பேன், "பள்ளம்" என்பேன். அரிசி கேட்டுக்கொண்டது. ஸ்டாப் சைன் வந்தால் "கால்!" என்று எனக்கு நானே அதட்டிக்கொண்டு இடது காலை ஊன்றுவேன். பக்கத்துத் தெரு ஆன்ட்டி ஒருவர் நாயோடு நின்று, "அங்கிளுக்கு என்னாச்சு?" என்று தன் பெண்ணிடம் கேட்டது என் காதில் நன்றாகவே விழுந்தது. இரண்டு முறை மூட்டையோடு சாய்ந்தேன். ஒரு மூட்டை கிழிந்து, தெருப் புறாக்களுக்கெல்லாம் விருந்து.

ஒரு நாள் அனு வேலையிலிருந்து திரும்பும்போது எதிரே காரில் வந்துவிட்டாள். காரை ஓரங்கட்டி இறங்கி, "அப்பா, ஸ்டாப்!" என்று கத்தினாள். "கால்!" என்று சொல்லி ஊன்றினேன். வண்டி அசையாமல் நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை, ஹெல்மெட்டைப் பார்த்தாள். அதைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள். திட்டப்போகிறாள் என்று நான் பயந்துகொண்டிருக்க, மூக்கைத் துடைத்துவிட்டு அதைத் தன் தலையில் மாட்டிக்கொண்டாள்.

"அரிசிய உள்ள வைங்கப்பா" என்றாள்.

பர்கண்டியில் டேண்டமை வாடகைக்கு எடுத்துக்கொண்டோம். நீ எனக்கு முன்பு போட்டுக் காட்டிய வீடியோவில் இருப்பதைவிட மேடு அதிகம், கல்பனா. அந்தக் கேமராக்காரன் இறக்கத்தை மட்டும் எடுத்திருக்கிறான். தோட்டங்களைச் சுற்றி இடுப்புயரக் கல்சுவர், வரிசைகளின் முனையில் ரோஜாச் செடி. திராட்சைக் கொடிகளை நசுக்காமல் அவற்றின் தலைக்கு மேலேயே காலை அகட்டிக்கொண்டு போகிற உயரமான டிராக்டர்களைப் பார்த்து அனு சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாள். ஒரு கிராமத்தில் வைன் கொடுத்த அம்மாளிடம் நான் திராட்சை ஜூஸ் இருக்கிறதா என்று கேட்டேன். அந்த அம்மாள் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். மத்தியானம் சுவரோரம் உட்கார்ந்து, அந்த ஊர் ரொட்டியில் நெய்யும் பருப்புப் பொடியும் தடவிச் சாப்பிட்டோம்.

தோட்டப் பாதை முடிந்து கால்வாய் தொடங்குகிற ஊர் சாந்தனே. அங்கே மழை பிடித்துக்கொண்டது. ஷூவுக்குள் தண்ணீர். அனு போனைப் பார்த்து, "இங்கருந்து ட்ரெயின் இருக்குப்பா. ஆறு வர்ற ஷாலோன் வரைக்கும் போயிடலாம். அம்மா வுடன்ட் மைண்ட்" என்றாள்.

"நீ வேணா ட்ரெயின்ல வா. நான் இங்க அரிசி மூட்டை கிடைக்குதான்னு பாக்கறேன்."

முறைத்தாள். பிறகு மழைக்கோட்டின் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

கால்வாய்த் தண்ணீருக்கு அவசரமே இல்லை. படகுகளை ஏற்றி இறக்குகிற மதகுகள் வரும் இடத்தில் மட்டும் பாதை சட்டென்று சரிந்து இறங்கும். அப்படி ஒரு சரிவில் படகுக்காரி ஒருத்தி பாதைக்குக் குறுக்கே கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். "நிக்கறேன்!" என்று சொல்லிப் பிரேக் பிடித்துக் காலை ஊன்றினேன். ஈரத்தில் ஷூ கொஞ்சம் வழுக்கியது. பிடித்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தேன். அனுவின் இரண்டு காலும் பெடலில் இருந்தன. அவள் என் பக்கமே பார்க்கவில்லை, படகை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஊன்றுவேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. உன் பின்னால் நானும் இப்படித்தானே உட்கார்ந்திருந்தேன்?

கயிறு விலகியது, கிளம்பினோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. முன்னால் இருப்பவரின் முகம் பின்னால் இருப்பவருக்குத் தெரியாது, அது எவ்வளவு வசதி! வெகுநேரம் நான் மேடும் சொல்லவில்லை, பள்ளமும் சொல்லவில்லை. ஒரு பள்ளத்தில் வண்டி தடால் என்று இறங்கி ஏறியதும், "அப்பா, ஆர் யூ ஓகே?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. காத்து எதிர்ல அடிக்குது" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் நாம் கடைசியாக ஓடையோரம் போனோமே, அன்றைக்கு நீ ஒரு மேடும் சொல்லவில்லை. ஏன்டி பேசாம வரே என்று கேட்டேன். இதே பதிலைத்தான் சொன்னாய். அன்றைக்குக் காற்று இருந்ததா, கல்பனா?

ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். அனு உன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தாள். கால்வாய் எங்கே முடிகிறது, ஆறு எங்கே தொடங்குகிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. தேடவும் இல்லை.

அடுத்த மாதம் அவள் வேலை மாற்றிக்கொண்டு டெக்ஸஸ் போகிறாள். இனி ஒற்றைச் சைக்கிள் போதுமே என்கிறான் ரமேஷ். முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலைதோறும் டேண்டமைத்தான் எடுப்பேன். பின்சீட்டில் அரிசி மூட்டை வைக்க மாட்டேன், அது உன் இடம். மேடு, பள்ளம், திருப்பம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் வாய்விட்டுச் சொல்லுவேன். அழுகை வந்தால் அழுகிறேன் என்றே சொல்லுவேன், காற்றின் மேல் பழி போட மாட்டேன். நீ சும்மா மிதித்தால் போதும். ஓய்ந்துபோனால் அதையும் விடு.

நிற்கும்போது மட்டும் காலைக் கீழே வைக்காதே. அது என் வேலை.

அனுவின் அப்பா,
உன் கண்டக்டர்,
சிவா