போப் வரும் பாதையில் ஒரு பரீட்சை

ஜனவரி 5, செவ்வாய்

காலைப் பேப்பரின் முதல் பக்கம் முழுக்க தி.நகர்ப் புடவைக் கடை விளம்பரம். மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு புடவை, முந்தானையில் புறா. "திருத்தந்தை வருகை சிறப்புத் தள்ளுபடி." வாட்டிகன் கொடியின் நிறம் அதுதான் என்று கடைக்காரருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் பக்கத்தில் போப் என்ன சாப்பிடுவார் என்று அரைப் பக்கம். ஓர் ஓட்டல்காரர் மிளகாய் இல்லாத சாம்பாருக்குத் தயாராம். வருவது பிப்ரவரி ஆறு. இன்னும் ஒரு மாதம் இதையெல்லாம் படித்தாக வேண்டும்.

மாடி வீட்டு ஜெசிந்தா படியில் பிடித்துக்கொண்டாள். எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்துக்கு அவள்தான் தலைவி. வாரா வாரம் வீடு மாற்றி ஜெபம் நடத்துவாள். நான் போவதில்லை.

"பாப்பரசர் பூசைக்குப் பேர் குடுத்தியா?"

"யோசிக்கிறேன்க்கா."

"யோசிச்சு யோசிச்சே உனக்கு அம்பது வந்துடுச்சு."

நாற்பத்தொன்பது.

ஜனவரி 10, ஞாயிறு

கோவில் வாசலில் ஃப்ளெக்ஸ். போப்பின் முகம் ஒரு மூலையில். கோவில் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவை உறுப்பினர்கள் பதினாறு பேரும் கை கூப்பியபடி மீதி இடத்தில். பூசை முடிந்து எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான் வழக்கம்போல் நற்கருணை வாங்கியதும் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்துவிட்டேன்.

ஏன் இன்னும் போகிறேன்? தெரியவில்லை. நிறுத்துவதற்கும் ஒரு நம்பிக்கை வேண்டியிருக்கிறது போல.

ஜனவரி 13, புதன்

அம்மாசி இன்று தாமதம். பதினோரு வருஷமாக என் வீட்டிலும் ஜெசிந்தா வீட்டிலும் வேலை செய்கிறாள். காரணமில்லாமல் தாமதிக்க மாட்டாள். கால்வாய்க் கரையில் அவர்கள் குடிசை வரிசை முழுக்கக் கதவுகளில் அரசாங்க ஆட்கள் சிவப்பு பெயிண்டால் நம்பர் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"போப்பு வண்டி நம்ம பாலத்து மேலதான் போவுதாம் டீச்சர்மா. மொதல்ல பச்சை வலை கட்டி மறைக்கறோம்னாங்க. இப்ப இன்னாடான்னா, மொத்தமா பெரும்பாக்கம் போய்டுங்கன்றாங்க. ஒண்ணாந்தேதி லாரி வருதாம்."

"நிலாவுக்கு மார்ச்சில் பரீட்சை ஆச்சே?"

"அதுக்குத்தானே உன்னாண்ட சொல்லிக்கினு கீறேன். உங்க கோயில் ஸ்கூல்லதானே படிக்குது. சாமியார் ஒரு லெட்டர் குடுத்தா பரீச்சை முடியற வரிக்கும் உட்ருவோம்னு வந்த ஆளே சொல்ட்டுப் போனாரு. நீ கேட்டா குடுப்பாரு."

அந்த வரிசையில் பிளஸ் டூ வரை வந்தவள் அம்மாசியின் மகள் நிலா ஒருத்திதான். ஊர்க்கோடியில், அப்புறப்படுத்தியவர்களைக் குடிவைக்கும் பெரும்பாக்கத்திலிருந்து பள்ளிக்கு இரண்டு பஸ், ஒன்றரை மணி நேரம், அதுவும் தொங்கிக்கொண்டு. பரீட்சைக்கு நான்கு வாரம் இருக்கும்போது. ஒரு கடிதம்தானே. கேட்கிறேன் என்றேன்.

ஜனவரி 16, சனி

லாரன்ஸ் ஃபாதரைப் பார்த்தேன். பங்குக்கு வந்து இரண்டு வருஷம், நல்ல மனிதர் என்றுதான் பெயர். மேசை மேல் பாஸ் கட்டுகள், தொப்பிகள், சின்னக் கொடிகள். நான் பேசி முடிக்கும்வரை ஒரு கொடியைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார்.

"டீச்சர், நியாயமான விஷயம். ஆனா இப்ப நாம லெட்டர் குடுத்தா, வழியைச் சீர்பண்றதுக்குக் கோவிலே தடைன்னு ஆயிடும். ஏற்கெனவே நம்ம மேல எப்ப என்ன கிளப்பிவிடலாம்னு வெளியில ஆளுங்க காத்துட்டிருக்காங்க. அவர் வந்துட்டுப் போகட்டும். அப்புறம் நானே நேர்ல போய்ப் பேசறேன்."

"ஒண்ணாம் தேதி லாரி வருது ஃபாதர்."

"ஜெபிப்போம்."

வணக்கம்கூடச் சொல்லாமல் தெருவுக்கு வந்துவிட்டேன். கோபத்தில். ஒரு வெள்ளைத் தாள், நாலு வரி, ஒரு ரப்பர் ஸ்டாம்ப். அதற்கு ஜெபமா?

ஜனவரி 18, திங்கள்

வெங்கடேஷ் போன் செய்தான். எட்டு வருஷத்துக்கு முன் என் வகுப்பில் பின் பெஞ்சு, இப்போது ஒரு சேனலில் நிருபர். "மேடம், போப் வருகை பத்தி ஒரு கத்தோலிக்கப் பேராசிரியை வேணும். பொம்பளையா இருக்கணும், தமிழ் நல்லா வரணும். உங்களை விட்டா யாரு?"

இதற்கு முன் யார் கேட்டிருந்தாலும் மறுத்திருப்பேன். சரி என்றேன்.

ஜனவரி 20, புதன்

கல்லூரி வேப்ப மரத்தடியில் இருபத்தைந்து நிமிஷம் பேசினேன். நிதானமாக, ஆதாரத்தோடு. வருகையை எதிர்க்கவில்லை, வீடுகளைக் காலிசெய்வதைப் பரீட்சை முடியும்வரை தள்ளிவைத்தால் போதும், வருகிறவருக்கே இது தெரிந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வார் — எல்லாம் சொன்னேன். பெண்ணின் பெயரைச் சொல்லவில்லை. நன்றாகப் பேசினேன் என்று நினைத்துக்கொண்டேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 21, வியாழன்

பதினான்கு விநாடி.

"போப் வருவதால் ஒரு ஏழைப் பெண்ணின் படிப்பு வீணாகிறது." அவ்வளவுதான். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கீழே சிவப்புப் பட்டையில், "கொதிக்கும் கத்தோலிக்கர்கள்!" நான் ஒருத்தி எப்போது கத்தோலிக்கர்கள் ஆனேன்? நான் கொதிக்கவும் இல்லை, வேப்ப மரத்தடியில் காற்று வந்துகொண்டிருந்தது.

பிறகு விவாதம். நான்கு கட்டத்தில் நான்கு பேர், எல்லோரும் ஒரே நேரத்தில். கால்வாய்க் கரையை வாழ்நாளில் எட்டிப் பார்த்திராத ஒருவர் மேசையைத் தட்டினார்: "பாருங்க, அவங்க ஆளே சொல்றாங்க! இவங்க சேவையோட லட்சணம் இதுதான்!" என் முகத்தை உறையவைத்து அவர் பக்கத்தில் வைத்திருந்தார்கள். வாய் பாதி திறந்திருந்தது.

வெங்கடேஷைக் கூப்பிட்டேன். "எடிட்டிங் என் கையில இல்ல மேடம். ஆனா செம ரீச்."

ஜனவரி 22, வெள்ளி

பங்கு வாட்ஸ்அப் குழுவில் நூற்று நாற்பது செய்திகள். யூதாஸ் முத்தமிடும் படம் ஒன்று. "இவங்க கடைசியா ஜெபமாலை சொன்னது எந்த வருஷம்னு கேளுங்க." "கல்யாணம் காட்சி இல்லாம இருந்தா இப்படித்தான்." எழுதியவர் என்னோடு நற்கருணை வகுப்பில் படித்தவர். எல்லாவற்றின் கீழும் கை கூப்பிய பொம்மைகள். ஜெசிந்தா ஒரே வரி போட்டிருந்தாள்: "சொந்த வீட்டில் கல் எறிகிறவள்."

மதியம் முன்பின் தெரியாத ஒரு குரல். "தைரியமா பேசினீங்க சிஸ்டர். உங்க மதத்தை நாறடிச்சிட்டீங்க. வாழ்த்துகள்." வைத்துவிட்டேன். அந்த நூற்று நாற்பதைவிட இந்த ஒன்றுதான் அருவருப்பாக இருந்தது.

ஜனவரி 24, ஞாயிறு

பூசைக்குப் போனேன். போகாவிட்டால் பயந்தேன் என்றாகிவிடும். என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. பூசை நடுவில் ஒருவருக்கொருவர் கை கூப்பிச் சமாதானம் சொல்லும் நேரத்தில் முன் வரிசை திரும்பவே இல்லை. பிரசங்கத்தில் ஃபாதர் பொதுவாக, "ஊடகத்தின் மாயவலை" என்றார்.

படியில் ஜெசிந்தா.

"ஏன்டி ரெஜினா, டிவிக்காரன்கிட்ட அந்தப் பேச்சு பேசினியே, உன் பின் ரூம் எத்தன வருஷமா பூட்டிக் கிடக்கு?"

"அதுல தம்பியோட பெட்டியெல்லாம் இருக்கு."

"கனடால இருக்கறவனுக்கு இங்க பெட்டி. கரையில இருக்கறவளுக்கு உன் பேட்டி. போ."

அந்த அறையைப் பற்றி நான் யோசிக்காமல் இல்லை. பதிமூன்றாம் தேதியே, அம்மாசி பேசிக்கொண்டிருக்கும்போதே தோன்றியது. அன்று இதில் எழுதவில்லை. ஒரு பெண் வந்து இரண்டு மாதம் தங்கினால் — குளியலறை, பேச்சுச் சத்தம், என் மாலை நேரம் — என்று ஒரு கணக்குப் போட்டுவிட்டு, கடிதம் கேட்கக் கிளம்பினேன். கொள்கைக்கு இடம் அதிகம் தேவைப்படுவதில்லை.

ஜனவரி 25, திங்கள்

கேமராக்காரர்கள் கரைக்கே போயிருக்கிறார்கள். பிளஸ் டூ படிக்கும் பெண் யார் என்று கேட்டால் அங்கே சின்னக் குழந்தையும் கை காட்டும். நிலா புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பது, கேள்வி கேட்கிறார்கள், தலையைக் குனிகிறாள், மறுபடி கேட்கிறார்கள், அழுகிறாள். அதை மெதுவாக ஓடவிட்டு வயலின் போட்டிருந்தார்கள். அரை மணிக்கு ஒரு முறை.

நான் பெயர் சொல்லவில்லை. பெயர் சொல்லவில்லை என்று எனக்கு நானே எத்தனை முறை சொல்வேன்?

ஜனவரி 27, புதன்

லாரி இன்றே வந்துவிட்டது. ஒண்ணாம் தேதிவரை காத்திருந்தால் தினமும் டிவியில் வரும் என்று மேலிடத்தில் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். டிவியில் காட்டிய வரிசைதான் முதலில். நான் போனபோது அம்மாசி கிரைண்டரை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணாந்தேதின்னா இன்னும் நாலு நாள் இருந்திருக்கும்," என்றாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"நிலாவை என் வீட்டில்…" என்று தொடங்கினேன். லாரி ஓரத்தில் புத்தகப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த நிலா என்னைப் பார்த்தாள்.

"டிவில சொல்றதுக்கு முன்னாடி என்னைக் கேட்டீங்களா மேடம்?"

கேட்கவில்லை. அவள் அம்மாவைக் கேட்டேனா? அவளையும் இல்லை. ஃபாதரிடம் கேட்டேன், வெங்கடேஷிடம் சொன்னேன், நேயர்களிடம் முறையிட்டேன். யாருடைய பரீட்சையோ அவளிடம் ஒரு வார்த்தை இல்லை.

ஜனவரி 28, வியாழன்

கல்லூரிக்கு லீவு. பின் அறையைத் திறந்தேன். தம்பியின் ஐந்து பெட்டிகளையும் ஹாலுக்கு இழுத்துப் போட்டேன். மின்விசிறி ஓடுகிறது. ஒட்டடை அடித்தேன். இதை எந்தக் கேமராவும் பார்க்கவில்லை என்று தோன்றியது, தோன்றியதற்காக வெட்கமாக இருந்தது. அம்மாசி போனை எடுக்கவில்லை.

ஜனவரி 30, சனி

காலையில் துணி காயப்போடப் பால்கனிக்குப் போனேன். மேலே ஜெசிந்தா வீட்டுக் கொடியில் பள்ளிச் சீருடை. அவள் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பெண் கிடையாது.

மேலே போகவில்லை. வாட்ச்மேன் சொன்னார். புதன்கிழமையே ஜெசிந்தா ஆட்டோ பிடித்துப் பெரும்பாக்கம் போய்க் கூட்டிவந்துவிட்டாளாம். "பரீச்சை முடியற வரிக்கும் இங்கதானாம்." அந்த வீட்டில் ஏற்கெனவே ஜெசிந்தா, மகன், மருமகள், பேரன், எழுந்து நடக்க முடியாத புருஷன். நிலா ஹாலில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கிறாள்.

வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. ஜெசிந்தா நேற்று போட்ட செய்தி: "மஞ்சள் புடவை கிடைக்காதவர்கள் வெள்ளை கட்டலாம்."

பின் அறையைச் சாத்திவிட்டேன். பூட்டவில்லை.

பிப்ரவரி 6, சனி

போப் வந்தார், போனார். டிவியில் பார்த்தேன். வண்டி எங்கள் பாலத்தைக் கடக்க ஏழெட்டு விநாடி ஆனது. அந்த நேரம் முழுக்க வர்ணனையாளர் வண்டியின் கண்ணாடி எத்தனை அங்குலக் கனம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கரை நெடுகப் பச்சை வலை. அதற்குப் பின்னால் மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. இருந்தும் கட்டியிருந்தார்கள்.

பிரசங்கத்தில் இடம்பெயர்ந்தவர்களைப் பற்றி அவர் சொன்னது நன்றாகவே இருந்தது. நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். அதுதான் எரிச்சலாக இருக்கிறது. அழுகிற முகங்களைத் தேடித் தேடிக் காட்டினார்கள்.

ஐந்து மணிக்கு ஜெசிந்தா போப்பின் பூசையிலிருந்து திரும்பி வந்தாள். முகம் வெயிலில் கருத்திருந்தது, செருப்பு கையில், கால் வீங்கியிருந்தது. என்னைப் பார்க்காமல் ஏறினாள். மேலேயிருந்து அவள் குரல்: "ஏய் நிலா, கெமிஸ்ட்ரி முடிச்சியா? டிவிய ஆஃப் பண்ணுன்னேன்ல?"

பிப்ரவரி 10, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ள வரிசையில் நின்றேன். "மண்ணாயிருக்கிறாய் என்பதை மறவாதே." மறக்கவில்லை. லாரன்ஸ் ஃபாதர் விரலை அழுத்திப் பூசினார். பிறகு மெதுவாக, "அந்த லெட்டர்…" என்றார்.

"தேவையில்லை ஃபாதர்," என்றேன்.

பிப்ரவரி 17, புதன்

அம்மாசி வந்தாள். வேலையை விடுகிறாளாம், இரண்டு பஸ் மாறி வந்து போகக் கட்டுப்படியாகவில்லை. ஜெசிந்தா வீட்டையும் விட்டுவிட்டாள். வாசலிலேயே நின்று சொன்னாள். உள்ளே வா என்றேன். "பொண்ணப் பாக்க வந்தேன் டீச்சர்மா, அப்டியே சொல்ட்டுப் போலாம்னு," என்று மேலே போய்விட்டாள். பதினோரு வருஷம்.

பின் அறை காலியாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். இப்போது அதை யாருக்குச் சொல்வது?

மார்ச் 2, செவ்வாய்

இன்று தமிழ்ப் பேப்பர். ஒன்பது மணிக்குக் கல்லூரிக்குக் கிளம்பி கேட்டுக்கு வந்தபோது ஆட்டோ நின்றிருந்தது. ஜெசிந்தாவும் நிலாவும் இறங்கி வந்தார்கள். நிலா நெற்றியில் குங்குமம். அதற்கு மேலேயே ஜெசிந்தா கட்டைவிரலால் சிலுவை போட்டாள்.

ஒதுங்கி வழிவிட்டேன். ஐந்து வாரமாக என்னோடு பேசாத ஜெசிந்தா, "ரெஜினா, உன் வாட்சக் கழட்டு," என்றாள்.

"என்னக்கா?"

"எங்க வீட்ல இருக்கறதெல்லாம் போன் மாதிரி வாட்ச்சு. பரீட்சை ஹாலுக்குள்ள விட மாட்டாங்களாம். முள்ளு ஓடற வாட்ச் உன் கையிலதான் இருக்கு. சீக்கிரம், ஆட்டோக்காரன் கத்தறான்."

கழற்றினேன். நிலா கையை நீட்டவில்லை. ஜெசிந்தா வாங்கி அவள் மணிக்கட்டில் கட்டினாள். கடைசித் துளையில் மாட்டியும் தளர்வாக இருந்தது.

நாள் முழுக்க மணி பார்க்க வெறும் கையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பரீட்சை ஒன்றே காலுக்கு முடிந்திருக்கும். நான்கு மணிக்கு வீடு திரும்பினேன். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. நிலா. வாட்சை நீட்டினாள்.

"எப்படி எழுதினே?"

"எழுதியிருக்கேன் மேடம். நெடுவினா ஒண்ணு மட்டும் இழுத்துடுச்சு. ஆனா நேரம் பாத்துப் பாத்து முடிச்சிட்டேன்."

"நீயே வச்சுக்கோ. எல்லாம் முடியட்டும்."

"வேணாம் மேடம்." யோசித்தாள். "வெள்ளிக்கிழமை இங்கிலீஷ். அன்னிக்குக் காலைல வந்து கேக்கறேன்."

படியேறிப் போய்விட்டாள். இன்னும் ஐந்து பேப்பர் இருக்கிறது.